பதினாலு கண்ணாடிக்கும் பொட்டு

என் மகளுக்கு நாலு வயதிலேயே கிழமைகள் மனப்பாடம். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, அம்மா. ஏழாவது கிழமைக்கு அவளாகவே வைத்துக்கொண்ட பெயர் அது. அங்கன்வாடி டீச்சர் எத்தனை முறை திருத்தியும் ஆள் அசையவில்லை. "சனிக்கு அப்புறம் அம்மாதான் வரும்" என்று அடித்துச் சொல்லிவிட்டாளாம். டீச்சர் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் ஈயென்று இளித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் வீடு ஏலகிரி மலைமேல். எனக்கு வேலை கீழே ஆம்பூரில், ஒரு ஷூ கம்பெனியில். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தை டியூப் லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கறை உண்டா, தையல் விட்டிருக்கிறதா என்று சொல்கிற செக்கிங் வேலை. சரியாக இருந்தால் பாஸ். சரிசெய்ய முடியும் என்றால் ரீவொர்க். தேறாது என்றால் ரிஜெக்ட். நாள் முழுக்க இந்த மூன்று வார்த்தைதான் என் வாயில். வேலை எனக்குப் பிடிக்கும். பொய் சொல்வானேன், ரிஜெக்ட் போடும்போது கொஞ்சம் ஜாஸ்தியாகவே பிடிக்கும்.

ஆனால் மலையிலிருந்து இறங்குகிற முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஷிஃப்டுக்கு லேட். ஓவர்டைம் பார்த்துவிட்டுத் திரும்பினால் கடைசி பஸ் போயிருக்கும். என் வீட்டுக்காரர் ஒரு மாதம் பைக்கில் கொண்டு விட்டுப் பார்த்தார். அவருக்குத் தோட்டத்தில் பீன்ஸ் காய்ந்தது, எனக்கு வளைவுக்கு வளைவு குடல் புரண்டது. ஆமாம், மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு மலை ரோடு ஆகாது. ஏழாவது வளைவில் ஒரு வாந்தி, பதினொன்றாவது வளைவில் இன்னொன்று. எந்த மரத்தடியில் நிறுத்த வேண்டும் என்று அந்த பைக்குக்கே தெரியும். கடைசியில் ஆம்பூரில் ஆறு பெண்கள் சேர்ந்து எடுத்த ரூமில் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலைக்கு வருபவளாக ஆகிப்போனேன். பிள்ளையைப் பார்த்துக்கொண்டதெல்லாம் அவர்தான். சடை பின்னக்கூடக் கற்றுக்கொண்டார், மனுஷன்.

கம்பெனி பஸ் ஒடுகத்தூர் பக்கம்வரைகூடப் போகும், வரும். மலைக்கு மட்டும் வராது. கேட்டால், "அந்த பதினாலு ஹேர்பின் பெண்டுல எவன்மா பெரிய வண்டிய ஏத்துவான்?" என்பார் ட்ரான்ஸ்போர்ட் பார்க்கிற சார். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. ஒன்பதாவது வளைவில் நீளமான வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. பாதி திரும்பி, பின்னால் வந்து, மறுபடி திரும்ப வேண்டும். பின்னால் வரும்போது கடைசி சீட்டில் இருப்பவர்களுக்குக் கீழே ரோடு தெரியாது, மரத்தின் தலைதான் தெரியும்.

அப்புறம்தான் ரோடு வேலை ஆரம்பித்தார்கள். மண்ணும் தூசியும் ஜல்லி லாரியுமாக நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் முடிந்தபிறகு பார்த்தால், அடேங்கப்பா! வளைவுகளை அகலப்படுத்தியிருந்தார்கள். பள்ளத்துப் பக்கம் இரும்புத் தடுப்பு. வெளிச்சம் பட்டால் பூனைக்கண்போல மினுக்குகிற கட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே, வளைவுக்கு ஒன்றாகப் பதினாலு உருண்டைக் கண்ணாடி, உயரமான கம்பத்தின்மேல். மேலிருந்து வருகிற வண்டி கீழே இருப்பவனுக்கும், கீழிருந்து வருகிறது மேலே இருப்பவனுக்கும் தெரிவதற்காக.

நாங்கள் அதை அதற்காகவா பார்த்தோம்? ஊரே கண்ணாடி பார்க்கக் கிளம்பிவிட்டது. பெண்கள் நின்று பூவைச் சரிசெய்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் பால் கேனை இறக்கிவைத்துவிட்டு மீசையை முறுக்கினார். உருண்டைக் கண்ணாடியில் எல்லோருக்கும் மூக்கு பெரிசாகவும் கால் குச்சியாகவும் தெரியும். என் மகள் ஒவ்வொரு ஞாயிறும் தன் மூக்கைக் காட்டச்சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போவாள். இருவருமாகப் பல்லைக் காட்டிவிட்டு வருவோம்.

ரோடு சரியான கையோடு, மலையிலிருந்து வேலைக்குப் போகிற நாங்கள் பதினோரு பெண்களும் சேர்ந்து ட்ரான்ஸ்போர்ட் சாரைப் பிடித்துக்கொண்டோம். எத்தனை நாள்தான் அவரும் ஒளிவார்? கேன்டீனில் சாம்பார் சாதமும் கையுமாக மாட்டினார்.

"சரிம்மா, சரிம்மா. விஜயதசமிக்கு லீவுதான? நல்ல நாளு. நானே வண்டில வந்து பாக்கறேன். பின்னால எடுக்காம எல்லா பெண்டும் திரும்பணும். எதிர்ல வர்ற வண்டி டிரைவருக்குத் தெரியணும். ரெண்டுல ஒண்ணு கம்மியானாலும் பஸ் கெடையாது. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டோம் சார்."

"ரோடு தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட வரணும்."

என் கை தானாக மேலே போயிருந்தது. வாந்தி எடுக்கிறவளை எல்லாம் யாராவது வழிகாட்ட அனுப்புவார்களா? பத்துப் பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்கோ அந்த ஆறு கிழமையும் கண்முன் நின்றன. சார் தலையை ஆட்டிவிட்டால் நான் தினமும் வீட்டில் தூங்குவேன். தினமும்! நினைத்தாலே தலை கிறுகிறுத்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாளே கம்பெனியில் பூஜை முடித்துவிடுவார்கள். மிஷினுக்கு மிஷின் சந்தனம், குங்குமம், பூ. எங்கள் செக்ஷனில் மட்டும் சூப்பர்வைசர் கத்திக்கொண்டே இருப்பார்: "மிஷின் தலைல மட்டும் வைங்க! வெள்ளத் தோல் கிட்ட போகாதீங்க! கறை பட்டுச்சுன்னா போச்சு!" அவரைவிட நான் பலமாகக் கத்துவேன். கறை விஷயத்தில் நான் அப்படிக் கறார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மலையில் எங்கள் வீட்டுப் பூஜை. மோட்டாருக்குப் பொட்டு, மண்வெட்டிக்குப் பொட்டு, பைக்குக்குப் பொட்டு, மகள் கேட்டாள் என்று அவள் சிலேட்டுக்கும் பொட்டு. எல்லாம் முடித்துவிட்டு, பக்கத்துவீட்டுச் சிநேகிதியிடம் — அவளும் அதே கம்பெனியில் தையல் மிஷினில் இருப்பவள் — நான்தான் வாயைத் திறந்தேன்.

"ஏன்டி, எல்லாத்துக்கும் வெச்சாச்சு. நமக்குச் சோறு போடப் போற ரோட்டுக்கு யாரு வெச்சாங்க?"

அவள் கண் விரிந்தது. "ஆமால்ல!"

அவ்வளவுதான். சாயங்காலம் ஒரு பக்கெட்டில் சந்தனத்தூளைக் கரைத்தோம். தூள் கம்மியாக இருந்ததால் மஞ்சள்தூளையும் கொட்டினோம். இன்னொரு கிண்ணத்தில் குங்குமம். கண்ணாடி எட்டாத உயரம் என்பதால் மூங்கில் கழியின் நுனியில் துணியைச் சுற்றிக்கொண்டோம். அந்தக் கழியால் பொட்டை அளவாக வைக்க முடியுமா? ஒவ்வொன்றும் தோசை அளவுக்கு வந்தது. "பெருசா இருந்தாதான் பஸ்ல இருந்து சார் கண்ணுக்குத் தெரியும்" என்றாள் சிநேகிதி. அது நியாயமாகவே பட்டது. மேலிருந்து கீழே பதினாலு கண்ணாடி. ஒன்றைக்கூட விடவில்லை. கடைசிக் கண்ணாடிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, "தாயே, பஸ்ஸு வரணும்" என்று விழுந்து கும்பிட்டோம். எங்கள் பக்தியைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

விடிகாலையில் ஒற்றையடிப் பாதை வழியாக நடந்து இறங்கினேன். ரோடு வருவதற்கு முன்னாலிருந்தே உள்ள பாதை அது. ரோடு பாம்புபோல் வளைந்து வளைந்து ஏற, பாதை அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக இறங்கும். சின்ன வயதில் அப்பாவோடு சந்தைக்கு இறங்கியபோதிருந்து ஒவ்வொரு கல்லும் என் காலுக்குப் பழக்கம். ஒவ்வொரு வளைவையும் தாண்டும்போது பனியில் என் பொட்டு மங்கலாகத் தெரிந்தது. இரவுப் பனியில் கரைந்து, வழிந்து, கண்ணாடி முழுக்க மஞ்சளாகப் பரவியிருந்தது. எவ்வளவு லட்சணம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

அடிவாரத்தில் பஸ் நின்றது. சார் முன் சீட்டில் குறிப்பு நோட்டோடு. நான் அவருக்குப் பின்னால், வாந்திக்கு மருந்தாக ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு. டிரைவர் அண்ணன் சாமி கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். முதல் வளைவு சுலபமானது, ஹாரன் அடித்துத் திரும்பிவிட்டார். இரண்டாவதில் மெதுவாகப் போய் எட்டிப் பார்த்தார். மூன்றாவதில் நிறுத்தியேவிட்டார்.

"சார், கண்ணாடில ஒண்ணும் தெர்ல. மஞ்சளா கீது."

"மஞ்சளான்னா?"

"மஞ்சளுன்னா மஞ்சளுதான் சார். நடுவுல செவப்பா இன்னாமோ ஒழுகுது. அம்மன் மொகம் மாதிரி கீது."

எலுமிச்சம்பழம் என் மூக்கிலேயே நின்றுவிட்டது. அந்த நொடியில்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. நாள் முழுக்கக் கறை தேடிக் கண்டுபிடிக்கிற வேலை பார்ப்பவள், பதினாலு கண்ணாடிக்கும் தேடிப்போய்க் கறை பூசிவிட்டு வந்திருக்கிறேன்!

டிரைவர் அண்ணன் ஓர் அடி முன்னால் எடுத்தார். மேலேயிருந்து ஒரு மினி லாரி. அதற்கும் நேற்றுதான் பூஜை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன் கண்ணாடி பாதிவரை மாலை. இரண்டு பிரேக்கும் ஒன்றாகக் கிறீச்சிட்டன. இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு உரசாத குறையாக நின்றன. லாரியின் வாழை இலை எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, சாரின் முகத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவு தடவியது.

சார் இலையை மெல்ல விலக்கினார். "ரிஸ்க் ஜாஸ்தியா கீதும்மா" என்றார், ரொம்ப மெதுவாக. "திருப்பிடுப்பா வண்டிய."

"இங்க எங்க சார் திருப்பறது? மேல போய்த்தான் திரும்பணும்."

திங்கள், செவ்வாய், புதன் என்று மகள் விரல் விட்டு எண்ணுவது காதில் கேட்டது. நானே என் கையால் கெடுத்துக்கொண்டேனே! டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வண்டி துடைக்கிற நீளமான மாப்பு கிடந்தது. எடுத்தேன். தண்ணீர் கேனையும் எடுத்தேன்.

"ஏம்மா, எங்க போறே?"

"மேல சார்! நீங்க மெதுவா வாங்க!"

குதித்தேன். மூன்றாவது கண்ணாடியில் தண்ணீரை விசிறி, மாப்பால் இரண்டு இழுப்பு. பளிச்! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். லாரி ஒதுங்கி வழிவிட்டு, பஸ் முதல் கியரில் உறுமிக்கொண்டு வளைந்து வருவதற்குள் நான் நாலாவது வளைவில் நின்றேன். தண்ணீர், மாப்பு, பளிச். "வா வா வா!" ஓடு. ஐந்து. "வா வா வா!" ஓடு. ஆறு. காலடியில் கல் உருண்டது, முள் கிழித்தது, ஒரு செருப்பு எங்கேயோ நின்றுவிட்டது. எனக்கு அந்த நேரத்தில் சிரிப்புதான் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே ஏறினேன். ஏழாவது வளைவில் என் வாந்தி மரத்தைத் தாண்டினேன். வாந்தியா, அது எந்த ஊரில் இருக்கிறது? நடந்து ஏறினால் எனக்குத் தலை சுற்றுவதே இல்லை.

எட்டாவது கண்ணாடியைத் துடைத்தபோது அதில் தலைவிரிகோலமாக, கன்னமெல்லாம் குங்குமமாக ஒரு பொம்பளை தெரிந்தாள். அவள் தோளுக்குப் பின்னால், கட்டைவிரல் அளவில், பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் இதே கண்ணாடியில் என் மூக்கைத்தான் பார்த்திருக்கிறேன். ரோட்டைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒன்பதாவதுதான் கண்டம். அங்கே போய்ச் சேர்ந்தால், லீவுக்கு மலைக்கு வந்த கார்கள் மேலேயிருந்து வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ரோட்டின் நடுவில் நின்று மாப்பைக் குறுக்கே நீட்டினேன்.

"நில்லு! நில்லு! பஸ்ஸு ஏறுது!"

முதல் காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கினார். "இன்னாம்மா இது?"

"செக்கிங்!" என்றேன். வாயில் வேறு எந்த வார்த்தையும் வரவில்லை.

அந்த மனிதர் பவ்யமாக லைசென்ஸை எடுத்து நீட்டினார். பின்னால் இருந்தவரும் தேட ஆரம்பித்துவிட்டார். நான் அதை எல்லாம் பார்க்கிற நிலையிலா இருந்தேன்? கண்ணாடியைத் துடைத்தேன். பஸ் வந்தது. டிரைவர் அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார், நிற்கிற கார்களைப் பார்த்தார், ஸ்டியரிங்கைச் சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். பின்னால் எடுக்கவில்லை. ஒரே வீச்சு! திரும்பிவிட்டது! நான் நடு ரோட்டில் மாப்போடு எம்பி எம்பிக் குதித்தேன். கார்களில் இருந்த பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்கள்.

பதினாலாவது வளைவில் பஸ்ஸுக்கு முன்னால் நான் நின்றேன். கேனில் சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை, முந்தானையை மாப்பில் சுற்றித் துடைத்தேன். பஸ்ஸிலிருந்து சார் இறங்கினார். முகம் பச்சை வெளுப்பாகியிருந்தது. இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். எனக்கு அந்த நிலைமை நன்றாகத் தெரியும். இடுப்பில் செருகியிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தேன்.

டீக்கடையில் உட்கார்ந்து பாதி டீ இறங்கியபிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"இந்தப் பொட்டெல்லாம் யாரு வெச்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். மலையில் பொட்டு வைக்க ஆளா இல்லை? ஆனால் என் கை மணிக்கட்டுவரை மஞ்சளாக இருந்தது.

"நான்தான் சார். நல்லா இருக்கணும்னுதான் வெச்சேன். கண்ணாடின்னு தோணல சார், மிஷினுன்னுதான் தோணுச்சு."

"நீ எந்த செக்ஷன்?"

"செக்கிங் சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கால் செருப்பு, கிழிந்த புடவை, கையில் மாப்பு. "தோல்ல இத்துனூண்டு கறை இருந்தா ரிஜெக்ட் போட்டுருவீங்க. இதுக்கு இன்னா போடுவ, நீயே சொல்லு."

விளையாட்டுக்குக் கேட்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று தெரியவில்லை. "ரீவொர்க் சார்" என்றேன். "தொடச்சா போற கறைதான். தொடச்சிட்டேன். கீழ மொத ரெண்டும் பாக்கி, பதிமூணாவது கொஞ்சம் லேசா கீது, போறப்ப அதையும் தொடச்சிடறேன். சார், எனக்கு நாலு வயசுல பொண்ணு கீது சார். வாரத்துக்கு ஒரு நாளுதான் பாக்கறேன்."

இதைச் சொல்லவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எப்படியோ வெளியே வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் டீ கிளாஸை வைத்துவிட்டு, "கண்ணாடி சுத்தமா இருந்தா ஏறலாம் சார். ரோடு நல்லாத்தான் கீது" என்றார்.

சார் நோட்டைத் திறந்தார். எழுதினார். எழுதி முடித்ததும் எலுமிச்சம்பழத்தை ஒரு முறை முகர்ந்தார். "திங்கக்கெழமைதோறும் மொத டிரிப்புக்கு முன்னாடி பதினாலும் தொடச்சிருக்கணும். அது உங்க பதினோரு பேர் பொறுப்பு. அடுத்த ஆயுத பூஜைக்குக் கம்பத்துக்குப் பொட்டு வைங்க. கண்ணாடில வெச்சீங்க, அன்னிக்கே பஸ்ஸ நிறுத்திடுவேன்."

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியாது. டீக்கடைக்காரர் எனக்கு டீக்குக் காசு வாங்கவில்லை, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை பஸ் வந்தது. காலையில் ஆளுக்கொரு மாப்போடு இறங்கினோம். சாயங்காலம் பதினோரு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினோம். ஏழாவது வளைவில் வாந்தியும் எடுத்தேன், அது வேறு கதை. வீட்டு வாசலில் மகள் தட்டில் சோற்றோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு ஓடி வரவில்லை. சந்தேகமாகப் பார்த்தாள். இடது கையை நீட்டி விரலை மடக்கி எண்ணினாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்குத் திங்கதானே?" என்றாள்.

"திங்கதான்" என்றார் அவர். அவருக்கும் குரல் சரியாக இல்லை.

செவ்வாய் வந்தேன். புதன் வந்தேன். வியாழன் அவள் தெருமுனைக்கே வந்து நின்றாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் அங்கன்வாடி டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, உன் பொண்ண இன்னான்னு கேளு. முன்ன ஒரு கெழமதான் தப்பா சொல்லிக்கினு இருந்தா. இப்ப ஏழும் தப்பு. அம்மா, அம்மா, அம்மான்னு ஏழு விரலையும் மடக்கறா. அங்கன்வாடிய பாக்க வந்த சூப்பர்வைசர் மேடம் முன்னாடி என் மானமே போச்சு. கொஞ்சம் திருத்தி அனுப்பும்மா."

"சரிங்க டீச்சர்" என்றேன்.

அன்று ராத்திரி என் மடியில் உட்காரவைத்துச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு விரலாக மடக்கி ஏழையும் சொன்னாள். நான் செக்கிங்காரி, ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டேன். ஏழுக்கும் பாஸ் போட்டேன்.